முள் ஓய்ந்த கமரா

கமரா ஒன்றைப் பற்றி எழுத இலக்கியப் பக்கத்தில் இடம் கேட்பது சிறிது துணிவான செயலே. கவிதையையும் கதையையும் எதிர்பார்த்துத் தாளை விரிக்கும் அன்பர்கள் வில்லையையும் துவாரத்தையும் கண்டு முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், நாற்பது ஆண்டுகளாக என்னோடு வாழ்ந்து, இப்போது அலுமாரியின் மேற்றட்டில் ஓய்ந்திருந்த கருவியொன்றைக் கடந்த மாதம் என் பேத்தி வெளியே எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுடன் பயிலும் நண்பர் சிலர் பிலிம் போட்டுப் படமெடுக்கும் பழைய வழக்கத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறார்களாம். "அம்மப்பா, இது என்னென்ன செய்யும்?" என்று கேட்டாள். அது என்னென்ன செய்யாது என்று சொல்வதே எனக்கு எளிதாயிருந்தது. அன்று மாலை நாங்கள் பேசியதன் விரிவே இக்கட்டுரை.

கருவியின் பெயர் பென்ரக்ஸ் கே 1000. மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் தொழிலகமாக 1919இல் தொடங்கிய யப்பானிய நிறுவனம் அசாகி. 35 மில்லிமீற்றர்ச் சுருளுக்குரிய முதலாவது யப்பானிய எஸ்.எல்.ஆர். கமராவை 1952இல் வெளியிட்டது இந்நிறுவனமே. பென்ரக்ஸ் என்னும் பெயர் 1957இல் வந்தது. அவ்வழியில் 1976இல் பிறந்த கடைக்குட்டி என் கமரா. கடைக்குட்டி என்று செல்லமாகச் சொன்னாலும், உண்மையில் அது வறிய பிள்ளை. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த கே.எம். என்னும் கமராவிலிருந்து, தானே தன்னை எடுத்துக்கொள்ள உதவும் நேரங்காட்டியையும், கூர்மையின் ஆழத்தை முன்கூட்டிப் பார்க்க உதவும் நெம்பையும் கழற்றிவிட்டு, விலையைக் குறைத்து, மாணவர் கைக்கு எட்டுமாறு விற்பனைக்கு விட்டார்கள். அது அவ்வாறு பிறந்த கமரா.

எஸ்.எல்.ஆர். என மூன்றெழுத்தாற் சுட்டப்படும் இவ்வகையை நமது பாடநூல் வழக்கில் ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமரா எனலாம். பெயர் நீளமாயினும் பொருள் தெளிவானது. பார்ப்பதற்கு ஒரு வில்லை, படம் பிடிப்பதற்கு வேறொரு வில்லை என்ற பிரிவு இதில் இல்லை. முன்னேயுள்ள வில்லையூடாக வரும் ஒளியை 45 பாகைச் சரிவில் நிற்கும் தளவாடி மேல்நோக்கித் தெறிக்கச் செய்கிறது. அது தேய்த்த கண்ணாடித் திரையில் விம்பமாக விழுகிறது. ஆனால் அவ்விம்பம் இடம் வலம் மாறியிருக்கும். திரெஸ்டன் நகரில் 1936இல் வெளிவந்த எக்சாக்ராக் கமராவிலே குனிந்து நின்று அம்மாறிய விம்பத்தைத்தான் பார்க்கவேண்டும். வலப்புறம் ஓடும் குழந்தையைத் தொடர்வதற்குக் கமராவை எப்புறம் திருப்புவது என்று புதியவர் திகைத்துப்போவர். அதே நகரின் கொன்ரக்ஸ் எஸ் 1949இல் ஐங்கோண அரியத்தை மேலே பொருத்தி விம்பத்தை நிமிர்த்தியது. அன்றுதொட்டு எஸ்.எல்.ஆர். கமராக்களின் தலையிற் காணப்படும் அந்தக் கூம்பு முடி, அரியத்தின் இருப்பிடமேயன்றி அலங்காரமன்று.

நான் பௌதிகம் கற்பித்தவன். வில்லையைக் கழற்றி, தளவாடி மேலெழுந்து தாழ்வதை வகுப்பில் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். பொத்தானை அழுத்தியதும் தளவாடி உயர்கிறது. பின்னால் நிற்கும் துணித்திரை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே ஓடுகின்றன. அவற்றின் இடைவெளியூடாகச் சுருளில் ஒளி படுகிறது. தளவாடி மீண்டும் தாழ்கிறது. தளவாடி உயர்ந்திருக்கும் அந்தச் சிறு பொழுதிற் பார்வைத்துளை இருண்டுவிடும். படத்தில் நிலைக்கும் கணம் எதுவோ, அதனை மட்டும் படமெடுப்பவன் காண்பதில்லை. பௌதிகத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று இதில் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றுவதுண்டு. அதனை விளக்குவது கவிஞர் பாடு.

இனி, கருவியின் அங்கங்கள். கையால் திருப்புவதற்கு மூன்றே பொருள்கள் உள்ளன. வில்லையின் முன்புறத்தைத் திருப்பினாற் கூர்மை அமையும். பின்புற வளையத்தைத் திருப்பினால் துவாரம் விரிந்து சுருங்கும். என்னுடைய 50 மில்லிமீற்றர் வில்லையில் 2 முதல் 22 வரை எண்கள் உண்டு. எண் சிறிதானால் துவாரம் பெரிது என்பதைப் புதியவர் ஒருதரம் தலைகீழாகப் படித்தே தீருவர். மூன்றாவது, மேலே வலப்புறமுள்ள வேகச் சில்லு. அதில் 1 முதல் 1000 வரை எழுதியிருக்கும். 125 என்றால் 125 செக்கன் அன்று; செக்கனின் 125இல் ஒரு பங்கு. விரும்பும்வரை திறந்து வைப்பதற்கு ஓர் எழுத்தும் உண்டு. அச்சில்லின் விளிம்பைத் தூக்கித் திருகினாற் சுருளின் உணர்திறனை 20இலிருந்து 3200 வரை குறிக்கலாம். இவ்வளவே.

பார்வைத்துளையின் வலப்பக்கத்தில் ஒரு சிறு முள் இருக்கிறது. கட்மியம் சல்பைட்டு ஒளிமானியின் முள் அது. உள்ளே வரும் ஒளி மிகுந்தால் மேலே செல்லும். குறைந்தாற் கீழே விழும். துவாரத்தையோ வேகத்தையோ மாற்றி முள்ளை நடுவிலே நிறுத்தினால் அளவு சரியென்பது பொருள். முள் எதனையும் தானே மாற்றாது. அது கூறுவதைக் கேட்பதும் கேளாது விடுவதும் எடுப்பவர் பொறுப்பு. இம்முள்ளுக்காக மட்டுமே, சட்டைப் பொத்தான் அளவுள்ள 1.5 வோற்றுப் பற்றரி ஒன்று கமராவின் அடியில் இருக்கிறது. துணித்திரையை ஓடச் செய்வது வில்லும் பற்சில்லுமேயன்றி மின்சாரமன்று.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கே 1000 வெளிவந்த அதே 1976இல் யப்பானிலிருந்து கனன் ஏ.ஈ.1 என்னும் கமராவும் வந்தது. உள்ளே நுண்செயலி கொண்ட கமரா என்று அதற்குப் பெரும் பெயர். வேகத்தை நாம் சொன்னாற் போதும், துவாரத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். நல்ல கமராதான், குறை கூறமாட்டேன். ஆனால் அதன் திரையையும் மின்சாரமே விடுவிக்கவேண்டும். பற்றரி இறந்தால் அக்கமராவும் உடனே இறந்துபோகும். 1976இல் இந்த வேறுபாடு யாருக்கும் பெரிதாகத் தோன்றியிராது. பற்றரி இல்லாத ஊர் என்று ஒன்று உண்டாகலாம் என எவர்தாம் நினைத்தார்?

கமரா என் கைக்கு வந்தது 1984இல். மத்திய கிழக்கிலே தொழில் புரிந்து திரும்பிய என் மைத்துனர் கொண்டுவந்து தந்தார். அந்த ஆண்டே என் தந்தையாரின் மணிவிழா. ஸ்ரூடியோவிலிருந்து ஆள் அழைக்க வேண்டியதில்லை, நானே எடுப்பேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். புதுக் கமராக்காரனின் செருக்கு அது. கும்ப நீர் வார்த்தது, தந்தையும் தாயும் மாலை மாற்றியது, தந்தையார் ஒருபோதுமில்லாதவாறு வாய்விட்டுச் சிரித்தது ஆகிய அனைத்தையும் எடுத்தேன். 36 படங்களுக்குரிய சுருள். எண்காட்டி 36ஐத் தாண்டியும் நெம்பு இலகுவாக நகர்ந்தது. இன்னும் இரண்டு கிடைத்தது என்று மகிழ்ந்தேனேயன்றி, அது ஏன் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்ரூடியோக்காரர் சுருளை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். ஒரு முனை முதல் மறு முனை வரை பளிங்குபோலத் தெளிவாக இருந்தது. "மாஸ்ரர், இதிலை ஒண்டும் விழேல்லை. பிலிம் பல்லிலை கொழுவேல்லை" என்றார். ஒளி பட்டுக் கெட்ட சுருள் கறுத்திருக்கும். ஒளியே படாத சுருள்தான் இவ்வாறு தெளிந்திருக்கும். நான் நெம்பை இழுத்த ஒவ்வொரு தடவையும் சுருள் தன் பேழைக்குள் அசையாமல் இருந்திருக்கிறது. சுருள் சரியாக ஓடினால் இடப்பக்கத்துச் சுற்றுக் குமிழ் தானும் சேர்ந்து சுழலும் என்பதை அவர் காட்டித் தந்தார். எண்காட்டியை நம்பவேண்டாம், குமிழைப் பாருங்கள் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் பணம் வாங்க மறுத்ததுதான் என்னை மிகவும் வருத்தியது.

தந்தையார் அடுத்த ஆண்டு காலமானார். அடையாள அட்டையிலிருந்த படத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டினோம். அதில் அவர் சிரிக்கவில்லை.

அதன்பின் கமராவை விட்டுவிடுவேன் என்றே வீட்டிலுள்ளோர் எண்ணினர். நானோ எதிர்மாறாக, அதனைப் பாடமாகப் படிக்கத் தொடங்கினேன். பாடசாலையில் மாணவர் சிலரைச் சேர்த்து ஒரு விளையாட்டு நடத்துவோம். மைதானத்து வெயில், மரநிழல், வகுப்பறை மூலை, மாலைக் கடற்கரை என ஓர் இடத்தில் நின்று, முள் எந்தத் துவாரத்தில், எந்த வேகத்தில் நடுவே நிற்கும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டிச் சொல்லவேண்டும். பிறகுதான் துளையிற் கண் வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் எல்லாரும் தோற்போம். சில மாதத்தில் மாணவர் என்னை வெல்லத் தொடங்கினார்கள். உணர்திறன் 100 உள்ள சுருளானால் நடுப்பகல் வெயிலில் 125 வேகத்துக்கு 16ஆம் துவாரம். மெல்லிய முகில் மறைத்தால் 11. திறந்த வெளியின் நிழலானால் 5.6 அல்லது 4. சுருட் பெட்டியோடு வரும் தாளிலும் இக்கணக்கு அச்சிட்டிருக்கும். ஆனால் தாளிற் படித்த கணக்கு வேறு, மாமர நிழலில் நின்று தோற்றுத் தோற்றுக் கற்ற கணக்கு வேறு. தானே எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும் கமராவாயிருந்தால் இந்த விளையாட்டை நாங்கள் ஆடியிருக்க முடியாது. அது விடையைக் கூறிவிடும், கணக்கைக் காட்டாது.

மேனாட்டு நிழற்படக் கல்லூரிகள் பல, ஆண்டுக்கணக்காகத் தம் மாணவருக்கு இக்கமராவையே வாங்கச் சொல்லி வந்தமைக்கும் இதுவே காரணம் என்பேன். 1976இல் தொடங்கிய உற்பத்தி யப்பானிலிருந்து ஹொங்கொங்குக்கும், பின்னர்ச் சீனாவுக்கும் இடம் மாறி, 1997 வரை நீடித்தது. முப்பது இலட்சத்துக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். அதனினும் திறமை மிக்க கமராக்கள் அந்த 21 ஆண்டுகளில் எத்தனையோ வந்து போயின. கனன் ஏ.ஈ.1இன் உற்பத்தியும் 1984இல் முடிந்துவிட்டது. வறிய பிள்ளைதான் நீண்டநாள் வாழ்ந்தது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குள் வரக்கூடாதென்று தடுக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. மின்சாரம் நின்றது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்ட அந்த நாள்களை இதனைப் படிப்போரிற் பலர் அறிவர். சுவர் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. என் கமராவின் முள்ளும் ஒருநாள் அடியில் வீழ்ந்து எழாமற் கிடந்தது. இது என் தவறும் ஆகும். இக்கமராவில் ஒளிமானியை நிறுத்தும் ஆளி இல்லை. வில்லையை மூடியால் மூடிவைத்தால் இருளிலே மின்னோட்டம் மிகக் குறைந்துவிடும். மூடாது விட்டாற் பற்றரி வீணே தேயும். நான் மூடியைத் தொலைத்துப் பல காலமாகியிருந்தது.

முள் ஓய்ந்ததேயொழியக் கமரா ஓயவில்லை. நெம்பை இழுத்தேன், குமிழ் சுழன்றது, பொத்தானை அழுத்தினேன், திரை ஓடிய ஓசை முன்போலவே கேட்டது. தட்டுப்பாட்டுக்கு முன்னரே வாங்கிய கறுப்பு வெள்ளைச் சுருள்கள் சில என்னிடம் இருந்தன. வெப்பம் தாக்காதிருக்க மட்பானையில் வைத்திருந்தேன். அவற்றை மிகச் சிக்கனமாகவே பயன்படுத்தினேன். முன்பு ஒரு விழாவிற் செலவழித்த சுருளை ஒன்றரை ஆண்டு வைத்திருந்தேன் என்றால் நம்புவது கடினம்.

1993இல் ஒரு காலைப்பொழுது. அம்மா விறாந்தையிற் பாய் விரித்து இருந்து ஓலைப்பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். முற்றத்து ஒளி பக்கவாட்டில் அவர் கையிலே விழுந்தது. தந்தையாரின் தெளிந்த சுருள் என் நினைவுக்கு வந்தது. கமராவை எடுத்துவந்தேன். சுருளில் ஏழு படங்களே மீதி. கை ஓயாது அசைவதால் 125 வேகம் வேண்டும். அந்த விறாந்தைக்கு என் நினைவுக் கணக்கு 4ஆம் துவாரம் என்றது. முள் இருந்தால் ஒரு படம் போதும். இல்லாதபடியால் ஒன்றுக்கு மூன்றாக, 4இல் ஒன்று, 5.6இல் ஒன்று, 2.8இல் ஒன்று என எடுத்தேன். "ஏன் தம்பி பிலிமைக் கரியாக்கிறாய்?" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமலே. ஒவ்வொரு தடவையும் குமிழைப் பார்த்தேன். சுழன்றது.

அந்தச் சுருளைக் கழுவுவதற்கு வழி கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, அம்மாவைச் சைக்கிளின் பின்னால் இருத்தி உருட்டிக்கொண்டு சென்றேன். கமராவும், பால்மா ரின்னிற் போட்டு மூடிய சுருள்களும் அவர் மடியில் இருந்தன. சாவகச்சேரியில் 1996 தொடக்கத்தில் அவர் காலமானார். 1997இற் கொழும்புக்குச் சென்றபோதுதான் சுருள்களைக் கழுவக் கொடுத்தேன். நான்கு ஆண்டு வெக்கையிற் கிடந்தவை. எதுவும் வராது என்றே எண்ணியிருந்தேன்.

அம்மாவின் படம் மூன்றும் வந்தன. 5.6இல் எடுத்ததில் உருவம் மட்டும் தெரிந்தது. 4இல் எடுத்ததில் கண் இரண்டும் நிழலில் ஆழ்ந்திருந்தன. நான் சரியென்று கணித்தது அதுவே. நன்றாக வந்தது 2.8. விறாந்தையின் ஒரு பக்கத்தில் பிற்காலத்திற் கட்டிய ஓலைத் தட்டியை என் கணக்குச் சேர்க்க மறந்துவிட்டது. அது மட்டுமன்று, துவாரம் விரிந்ததால் கூர்மையின் ஆழமும் குறைந்துவிட்டது. நான் கூர்மை அமைத்தது கையிலே. ஆதலால் ஓலையின் வரிச்சும் விரற் கணுவும் தெளிவாயிருக்க, முகம் சற்றே மங்கியிருக்கிறது. கூர்மையின் ஆழத்தை முன்கூட்டிப் பார்க்க உதவும் நெம்பு, கே.எம். கமராவிற் கழற்றப்பட்டது என்றேனே, அது இருந்திருந்தால் இதனை அப்போதே கண்டிருப்பேன். படத்தைப் பார்க்கும் உறவினர், முகத்தைத் தெளிவாக எடுத்திருக்கலாமே என்பர். அம்மாவின் கையைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

குறைகள் என்று பார்த்தால் வேறும் உண்டு. எந்த வேகத்தில், எந்தத் துவாரத்தில் நிற்கிறோம் என்பது துளையினுள்ளே தெரியாது. கண்ணை எடுத்துப் பார்க்கவேண்டும். பொத்தானைப் பூட்டும் வழியில்லை. பைக்குள்ளேயே ஒரு படம் வீணாவதுண்டு. உலோக உடல் கழுத்திலே கனக்கும். நேரங்காட்டி இல்லாததனால், நான் எடுத்த குடும்பப் படம் எதிலும் நான் இல்லை. என் பிள்ளைகளின் இளமைக்காலப் படத்தொகுப்பைப் புரட்டும் அந்நியர் ஒருவர், இவர்களுக்குத் தந்தை இல்லையோ என்று ஐயுறக்கூடும்.

பேத்தி எடுத்தபோது கமரா பரிதாபமான நிலையில் இருந்தது. பின்மூடியின் ஓரத்தில் ஒளி புகாதபடி ஒட்டியிருந்த கரும்பஞ்சு, பழைய தார்போல உருகி விரலில் ஒட்டியது. இவ்வகைக் கமராக்களுக்கு முதுமையில் வரும் பொதுவான நோய் அது. மதுசாரம் தோய்த்த குச்சியாற் சுரண்டி, கறுப்புக் கம்பளி நூலைப் பள்ளத்தில் வைத்து ஒட்டினோம். வேகங்களைக் காதாற் சோதித்தேன். ஒரு செக்கன் சற்று நீண்டு ஒலிக்கிறது, மற்றவை பழுதில்லை. அசாகியின் பென்ரக்ஸ் 2008இல் ஹோயாவிடமும், 2011இல் ரிக்கோவிடமும் கைமாறிவிட்டது. டிஜிற்றல் கமராக்களின் காலத்தில் பிலிமின் கதை முடிந்ததென்றே நானும் நினைத்திருந்தேன். ஆயினும் பென்ரக்ஸ் 17 என்ற பெயரில், கையால் நெம்பிழுக்கும் புதுப் பிலிம் கமரா ஒன்றை ரிக்கோ 2024இல் வெளியிட்டிருப்பதாகப் பேத்தியே எனக்குச் சொன்னாள்.

சுருள் ஒன்றைக் கொழும்பிலிருந்து வருவித்தாள். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. பற்றரியும் வாங்கவேண்டுமா என்றாள். "ஆறு மாதத்துக்கு வாங்கு. பிறகு கழற்றிவிட்டுப் பார்ப்பம்" என்றேன். நான் பகிடி விடுவதாக எண்ணிச் சிரித்தாள்.

அடுத்த நாள் விறாந்தையில் அவளாகவே சுருளைப் பொருத்தினாள். பல்லிற் கொழுவியதா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மூடியை மூடி, நெம்பை இழுத்து, இடப்பக்கத்துக் குமிழைப் பார்த்தாள். பிறகு என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னாள்.

"அசையாமல் இருங்கோ."

முள் எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"கொஞ்சம் கீழை நிக்குது, அம்மப்பா."

"அப்ப துவாரத்தை ஒரு படி திற."